எட்டேகால் மணி

மில் சங்கு ஊதி ஒன்பது நாளாகிறது.
தவிட்டுத் தூசி இல்லாத காற்று
புதுவயலில் எங்களுக்குப் பழக்கமில்லை.
தும்மாமல் எழுந்திருக்கிறான் தர்னிஷ்.

"அப்பா ஏன் வேலைக்குப் போகல?"
"லீவு."
"எனக்கு இல்லாத லீவு அப்பாவுக்கு மட்டும் எப்படி?"
எட்டு வயது. கணக்கில் புலி.
பேச்சை இட்லிக்கு மாற்றினேன்.

பிள்ளையை மனத்திடத்தோடு வளர்க்க
ஒருத்தி செல்போனில் நித்தம் வழி சொல்கிறாள்.
கசங்காத புடவை, முதுகுக்குப் பின்னால் பச்சைச் செடி.
மொத்தம் ஐந்து வழியாம்.
மூன்றாவதுக்குள் எனக்குப் பலகாரக் கடைக்கு
நேரமாகிவிடும்.
எனக்கென்று ஒரே வழி வைத்திருந்தேன்:
அவன் காதில் எதுவும் விழக் கூடாது.
வளையல் அடகு வைத்த ரசீதை
அரிசிப் பானையின் அடியில் ஒளித்தேன்.
அரிசி குறையக் குறைய
ரசீது வெளியே வந்தது.

அவன்தான் பார்த்தான். வாசித்தான்.
"பதினாறு கிராம்னா எத்தனை பவுன்மா?"
அறைந்தேன்.
மழுப்பி என்ன ஆகப்போகிறது, அறைந்தேன்.
அவன் அழவில்லை.
அழாமல் நின்ற பிள்ளையைப் பார்த்து
ஒரு நொடி பெருமைப்பட்டேன்.
அந்த நொடிதான் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

அன்றைக்கு மழையில்லாமல் வெறும் இடி.
எட்டேகாலுக்குக் கரண்ட் போனது.
லோடு ஏற்ற ஆள் வேண்டுமா என்று கேட்க
காரைக்குடி போன மனுசன் திரும்பவில்லை.
கொசுவத்தியின் சிவப்புப் புள்ளி,
அதற்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவன்.

"பயமா இருக்குடா" என்றேன்.
சொல்ல நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.
"மில் திறக்குமான்னு தெரியல.
வளையல் திரும்புமான்னு தெரியல.
நாளைக்குச் சோறு இருக்கு, அது தெரியும்.
உன்னை அடிச்சது தப்பு. அதுவும் தெரியும்."

கொஞ்ச நேரம் கொசுதான் பேசியது.

"நான் ஒண்ணு சொல்லட்டா?
பிகாஷ் ஊருக்குப் போறான்மா.
மில்லுக்குப் பின்னால தகரக் கொட்டகைல இருப்பான்ல, அவன்.
ஒடிசாவுக்கு. ரெண்டு ராத்திரி ரயில்லயே தூங்கணுமாம்.
இனி என் பக்கத்துல யாரு உக்காருவா?"

அப்போதுதான் அழுதான்.
காலையில் வாங்கிய அறைக்கும் சேர்த்து.
'ஆம்பளப் பிள்ளை அழலாமா' என்கிற வார்த்தை
நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.
முதுகைத் தடவினேன்.
எலும்பு எலும்பாக, எண்ணிவிடலாம் போல.

சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் வந்தது.
டியூப்லைட் இரண்டு முறை இமைத்து எரிந்தது.
என் முகமெல்லாம் ஈரம்.
முந்தானையைத் தேடுகிறேன், கைக்குச் சிக்கவில்லை.
அவன் இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக்கொண்டான்:
"நான் பாக்கல. நீ தொடச்சுக்க."

இதை யார் சொல்லிக்கொடுத்தது?
நானில்லை.
அந்தச் செடிக்காரியின் ஐந்திலும்
இருந்திருக்காது.

நான் வேலை பார்க்கும் கடையில்
உடைந்த தேன்குழலைப் பாதி விலைக்குத் தருவார்கள்.
எங்கள் வீட்டு டப்பாவுக்கு அதுதான் வழக்கம்.
பிகாஷுக்கும் அதையே கட்டினேன்.
"உடைஞ்சது வேணாம்மா" என்றான்.
"எப்படியும் ரயில்ல உடையத்தானே போகுது?"
"அது வழியில உடையும்.
குடுக்கறப்ப முழுசா இருக்கட்டும்."

சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி
கால் கிலோ முழுசு வாங்கினேன்.
பழைய கணக்கு நோட்டைக் கிழித்துச்
சுற்றியது அவன்.

இன்றோடு இருபத்துமூன்று நாள்.
சங்கு ஊதவில்லை.
வகுப்பில் பக்கத்து இடத்தில் பை வைத்துக்கொள்கிறானாம்.
எட்டேகால் ஆனதும் டியூப்லைட்டை நிமிர்ந்து பார்த்தான்.
பார்த்துக்கொண்டே இருந்தான்.
அது போவதாய் இல்லை.
எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு
தடவித் தடவி வந்து
என் பக்கத்தில் உட்கார்ந்தான்.